வென்ற ஓட்டத்தை விட்டு

2012, 2013, 2014 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மும்பை மராத்தானில் இந்தியப் பெண்களுள் முதலாவதாக வந்த ஒருவர், இனி அந்த ஓட்டமே போதும் என்று இருந்துவிட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வெற்றியும் பெயரும் ரயில்வே உத்தியோகமும் கைகூடியிருந்த அந்தச் சமயத்தில்தான், மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், மழை பொய்த்துப்போவது வாடிக்கையாகிவிட்ட மாண் வட்டத்து மோஹி கிராமத்தில் 1989-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த லலிதா பாபர், 42 கிலோமீட்டரும் சொச்சமும் கொண்ட மராத்தானிலிருந்து தமது கவனத்தைத் திருப்பி, 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் என்னும் தடைதாண்டும் நெடு ஓட்டத்தில் இறங்கினார். ஆசிய விளையாட்டில் ஒரு பதக்கம் பெற்றே தீருவது என்ற சங்கற்பமே அதற்குக் காரணம்.

அந்த ஓட்டம் எத்தகையது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஏழு சுற்றுக்கும் மேற்பட்ட அந்தத் தூரத்துக்குள் 28 தடைகளும் ஏழு தண்ணீர்க் குழிகளும் குறுக்கிடுகின்றன. குறுந்தூரத் தடையோட்டத்தில் கால் பட்டதும் சாய்ந்துகொடுக்கிற இலேசான தடைகள் அல்ல இவை. பெண்களுக்கு 76 சென்டிமீட்டர் உயரத்தில், மோதினால் ஆளைச் சாய்க்குமே தவிரத் தாம் அசையாத கனத்த சட்டங்கள். தண்ணீர்க் குழியின் முன்னே நிற்கும் சட்டத்தின்மீது ஒரு பாதத்தை ஊன்றி, உடம்பை உயரே எழும்பவிடாமல் முன்னே தள்ளி, தடையின் அடியில் ஆழமாகவும் போகப் போக மேடாகவும் சரிந்திருக்கும் குழியின் கடைசி ஓரத்தில், கணுக்கால் நனைகிற நீரில் மறு காலை இறக்கி, வேகம் குலையாமல் வெளியேற வேண்டும். ஓரடி குறைந்துவிட்டால் ஆழத்தில் விழுந்து, நனைந்து கனத்த காலணியோடும் கலைந்த மூச்சோடும் முன்னே போனவர்களைத் துரத்த வேண்டியதுதான். இதை ஒவ்வொரு சுற்றிலும், முன்னைவிடக் களைத்த கால்களோடு செய்தாக வேண்டும். இந்தப் பிரயாசை பெண்களுக்கு ஆகாது என்று எண்ணினார்களோ என்னவோ, ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இந்த ஓட்டம் சேர்க்கப்பட்டதே 2008-இல்தான்.

மராத்தானில் பழகிய சரீரத்துக்கு இதிலே உள்ள சங்கடம் தடைகள் மாத்திரம் அல்ல. மராத்தான் ஓடுகிறவர், இரத்தத்தில் லாக்டேட் என்னும் பொருள் கட்டுக்கடங்காமல் சேராத அளவுக்குத் தமது வேகத்தை அடக்கி, அந்த வரம்புக்குச் சற்றுக் கீழேயே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பிரயாணம் செய்கிறார். ஸ்டீபிள்சேஸ் ஓடுகிறவரோ ஒன்பது, ஒன்பதரை நிமிஷ காலம், உடம்பு பிராணவாயுவை ஏற்கக்கூடிய உச்ச எல்லையை ஒட்டியே இருக்கிறார். ஆகவே நீண்ட ஓட்டங்களோடு, இடைவெளி விட்டு விட்டு மிக விரைவாக ஓடும் அப்பியாசங்களும் அவருக்கு இன்றியமையாதவை ஆகின்றன. இந்தக் கடுமையின் அளவு ஒரு நுட்பமான விஷயம். பால்மரம் சீவுகிறவர்களின் கத்தி மேலாகப் போனால் பால் இறங்காது, ஆழமாகப் போனால் மரம் புண்பட்டுப்போகும். பயிற்றுநரின் கைக்கும் அந்த நிதானம் வேண்டும். லலிதாவுக்கு வாய்த்த பயிற்றுநர் பெலாரஸ் நாட்டவரான நிகோலாய் ஸ்னெசரெவ், கண்டிப்புக்குப் பேர்போனவர். நம் உதகமண்டலத்து மலைக்காற்றிலும் அவருடைய முகாம் நடந்தது.

2014 ஜனவரியில் மும்பையில் மராத்தான் வென்றவர், அதே ஆண்டு செப்டம்பரில் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ஸ்டீபிள்சேஸை 9 நிமிஷம் 35.37 விநாடியில் முடித்து, இந்திய சாதனையோடு வெண்கலம் பெற்றார். அவருடைய சகாவும் 2010 ஆசிய விளையாட்டில் இதே ஓட்டத்தில் தங்கம் வென்றவருமான சுதா சிங், விநாடியின் சிறு பின்னத்தில் நான்காவதாக வந்தார். முதலில் வந்த பஹ்ரைனின் ரூத் ஜெபெட்டைத் தகுதி நீக்கம் செய்துவிட்டுப் பிறகு மீண்டும் சேர்த்துக்கொண்டபடியால், லலிதாவின் பதக்கம் சற்று நேரம் வெள்ளியாக இருந்து வெண்கலமாயிற்று.

எனக்கு இதைக் காட்டிலும் வியப்பாகத் தோன்றுவது அடுத்த ஜனவரியில் நடந்த காரியம். மராத்தானைப் பின்னுக்குத் தள்ளிவிட்டதாக நினைத்த அவர் 2015-இல் மும்பையில் மறுபடி மராத்தான் ஓடினார். இந்தியப் பெண்களுள் ஓ.பி. ஜைஷாவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தாலும், அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 38 நிமிஷம் 21 விநாடி; முந்திய ஆண்டு வெற்றி பெற்றபோது ஆனதைவிடப் பத்து நிமிஷங்களுக்கும் அதிகமாகக் குறைந்திருந்தது. தாம் விட்டுவந்த ஓட்டத்திலேயே அவர் முன்னைவிடச் சிறந்தவராகியிருந்தார்! நெடுந்தூர உழைப்பு சேமித்துக் கொடுத்த மூலதனத்தை ஸ்டீபிள்சேஸ் செலவழித்துவிடவில்லை, வட்டியோடு திருப்பிக் கொடுத்தது என்றுதான் இதை நான் கொள்கிறேன்.

அதன்பின் ஏற்றந்தான். 2015-இல் வூஹானில் ஆசியத் தங்கம். அந்த ஆகஸ்டில் பீஜிங் உலகப் போட்டியில் இறுதி ஓட்டத்துக்குத் தகுதி பெற்று எட்டாவது ஸ்தானம். 2016 ரியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் 9 நிமிஷம் 19.76 விநாடி. 35 தடங்கல்களுக்கிடையே ஒவ்வொரு கிலோமீட்டரையும் மூன்று நிமிஷம் ஏழு விநாடிக்குள் கடந்தார் என்று அர்த்தம். மும்பை மராத்தானில் அவருக்குக் கிலோமீட்டருக்கு ஆனது மூன்று நிமிஷம் 45 விநாடி. 1984-இல் பி.டி. உஷா ஓடியதற்குப் பிறகு, 32 ஆண்டுகள் கழித்து, ஒலிம்பிக் ஓட்டப்பாதையில் தனிநபர் இறுதிப் போட்டிக்கு வந்த இந்தியப் பெண் இவரே. இறுதியில் பத்தாவதாக வந்தார். அவருடைய சாதனை ஏழாண்டுகள் நின்று, 2023-இல் புடாபெஸ்ட்டில் பாருல் சௌத்ரியின் 9:15.31-க்கு வழிவிட்டது. அந்த பாருல், அவ்வாண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்டீபிள்சேஸில் வெள்ளியும் மறுநாளே 5000 மீட்டரில் தங்கமும் வென்றார்.

மலேசியாவில், சிரம்பானின் ரஹாங்கில் இருந்துகொண்டு சாத்தாராவின் கதையை இவ்வளவு விஸ்தாரமாக ஏன் எழுத வேண்டும் என்றால், சிரம்பானைச் சுற்றிய தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகளிடம் இதே மூலதனம் இருப்பதை நாம் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் நடக்கும் குறுக்கோட்டத்தில் முதலாவதாக வரும் பிள்ளை, அடுத்த ஆண்டும் குறுக்கோட்டமே ஓடுகிறாள். ஐந்தாம் படிவம் முடிகிறபோது ஓட்டமும் முடிந்துவிடுகிறது. அவளுடைய மூச்சும் காலும் எந்தத் தூரத்துக்கு உகந்தவை என்று சோதித்துப் பார்த்தவர் யார்? 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்ற தாப்பாவின் எம். ராஜாமணியை மேடைகளில் நினைவுகூர்கிற நாம், இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறிவிடுகிறோம் என்பது என் மனத்தை உறுத்துகிறது.

நம் பள்ளித் திடல்களில் தண்ணீர்க் குழி கிடையாது. அதனால் அப்படி ஓர் ஓட்டம் இருப்பதே அநேகம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அடுத்த குறுக்கோட்டம் முடிந்ததும், முதல் பத்து இடங்களில் வந்த பெண்களைப் பாரோய் அரங்கத்துக்கு அழைத்துப் போய், ஒரு தடகளப் பயிற்றுநரின் பார்வையில் சில தடைகளைத் தாண்டவும், 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஓடவும் வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். ஒரு வேனும் ஒரு சனிக்கிழமைக் காலையும் தவிர வேறு செலவு இதற்கு இல்லை.