கல்கத்தா டாக்டரும் பத்து நாள் ஊசியும்

எங்கள் ஹெப்பாளில் காலையில் உடன் நடக்கும் நண்பர் ஒருவர் அன்று முகவாட்டத்துடன் இருந்தார். மருமகளுக்குச் சோதனைக் குழாய் முறையில் சிகிச்சை தொடங்கியிருக்கிறது. "தினமும் ஊசி, பத்து நாளைக்காம். ஒரு குழந்தைக்கு எதற்கு சார் இத்தனை ஊசி?" என்றார்.

நியாயமான கேள்விதான். மாதந்தோறும் சினைப்பையில் பல முட்டைகள் வளரத் தொடங்கினாலும், பெரும்பாலும் ஒன்றே முதிரும்; மற்றவை வாடிவிடும். பிட்யூட்டரி சுரப்பி தரும் ஹார்மோன் அந்த ஒன்றுக்குத்தான் போதும். அதையே ஊசியில் கூடுதலாகக் கொடுத்தால் வாட இருந்தவையும் முதிர்கின்றன. முட்டைகள் கூடினால் நல்ல கரு கிடைக்கும் வாய்ப்பும் கூடும்.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்த லூயிஸ் பிரௌன், இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையில் உருவானவள். அங்கே ஹார்மோன் ஊசியை முன்பே முயன்று, பலனின்றிக் கைவிட்டிருந்தார்கள். பத்தே வாரங்களில், அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் துர்கா பிறந்தாள். டாக்டர் சுபாஷ் முகர்ஜி அந்த ஊசியைக் கொண்டே முட்டைகளை முதிரச் செய்தார். ஊசி போட்ட மாதத்தில் கருப்பை பக்குவமாக இராமல் போகலாம். ஆகவே கருவை உறைய வைத்துக் காத்திருந்து, பின்னொரு மாதத்தில் தாயின் கருப்பையில் சேர்த்தார். இன்று உலகெங்கும் நடப்பது இதுதான்.

அன்று நம்பத்தான் ஆளில்லை. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் கூற்றை நிராகரித்தது. 1981-இல் கண் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அவ்வாண்டு ஜூன் 19 அன்று அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986-இல் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று பெயராயிற்று. அச்சாதனையின் விஞ்ஞானி டி.சி.ஆனந்தகுமார், பின்னர் முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதலிடம் அவருக்கே உரியது என்று 1997-இல் எழுதினார். தமக்குச் சூட்டிய மகுடத்தைத் தாமே கழற்றித் தர எத்தனை பேருக்கு மனம் வரும்?

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, இன்னும் ஒன்றும் சொன்னேன். ஊசி அளவுக்கு மீறி வேலை செய்வதும் உண்டு. வயிறு உப்பி, மூச்சு திணறி, சிறுநீர் குறைந்தால் தாமதியாமல் டாக்டரிடம் போக வேண்டும். மற்றபடி, "என்னம்மா, ஏதாவது விசேஷமா?" என்று மாதாமாதம் கேளாதிருப்பதே பெரியவர்கள் செய்யக்கூடிய உதவி. ஊசியின் வலியை அந்தப் பெண் தாங்கிக்கொள்வாள்.