ஒற்றைச் சிறுநீரகத்துடன் ஒரு குழந்தை: தாய்மீது பழி எதற்கு?

பிள்ளைக்கு ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது என்று ஸ்கேன் பார்த்த வைத்தியர் சொன்னால், வீட்டில் அடுத்த கேள்வி பெரும்பாலும் தாயை நோக்கியே எழும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எதைச் சாப்பிட்டாய்? என்ன மருந்து குடித்தாய்?

ஆனால் கரு உருவாகிச் சுமார் 5 வாரங்களில், அநேக பெண்கள் தாம் கர்ப்பமாக இருப்பதை அப்போதுதான் அறிந்திருக்கும் வேளையில், சிறுநீரகம் உருவாகத் தொடங்கிவிடுகிறது.

சிறிய குழாய் போன்ற ஒரு மொட்டு, அருகிலுள்ள இழையத்தை நோக்கி வளர வேண்டும். ‘ஜிடிஎன்எஃப்’ என்ற மரபணுவின் கட்டளைப்படி அந்த இழையம் ஒரு புரதத்தைச் சுரந்து மொட்டை அழைக்கிறது. ‘ரெட்’ என்ற மரபணு உருவாக்கும் ஏற்பி, மொட்டின் நுனியில் இருந்து அந்த அழைப்பைப் பெறுகிறது. அழைப்பு கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்தில் சிறுநீரகம் உருவாகாது. ஒரு பக்கத்தில் இரண்டு மொட்டுகள் முளைத்தால் சிறுநீர்க் குழாயும் இரண்டாகிவிடும்.

‘பாக்ஸ்2’ மரபணுவில் பழுது இருந்தால் சிறுநீரகம் சிறுத்துப்போவதோடு கண் நரம்பும் பாதிக்கப்படலாம். ‘எச்என்எஃப்1பி’ பழுதடைந்தால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளும், இளவயதிலேயே நீரிழிவும் வரலாம். இத்தகைய பழுது தந்தையிடமிருந்தும் வரலாம். பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையில் புதிதாகவும் தோன்றலாம். ஒரே பழுது தந்தையில் வெளியே தெரியாமல் இருந்து, பிள்ளையில் கடுமையாக வெளிப்படுவதும் உண்டு. எனவே பெற்றோரும் சகோதரர்களும் ஸ்கேன் செய்துகொள்வது பயன்தரும்.

எல்லாவற்றுக்கும் மரபணுவே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. தனியொரு மரபணுப் பழுதைக் கண்டறிய முடிவது ஏறத்தாழ 10 முதல் 20 வீதமானோரில்தான். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும், எனலாப்ரில், லொசார்டன் போன்ற குருதி அமுக்க மாத்திரைகளும் கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. அவற்றைப் பாவிக்கும் பெண்கள் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே வைத்தியரிடம் பேசி மாற்று மருந்து பெற வேண்டும்.

சிறுநீரக வடிகட்டிகள் உருவாவது ஏறத்தாழ 36ஆவது வாரத்தோடு நின்றுவிடுகிறது. பிறகு புதியவை உருவாவதில்லை. தாய் பட்டினி கிடந்து, எடை குறைந்து பிறக்கும் பிள்ளைக்கு அவை குறைவாக இருக்கலாம். இறுதி யுத்த காலத்தில் அப்படிப் பிறந்தவர்கள் இன்று இளைஞர்கள். அவர்களும் குருதி அமுக்கத்தைப் பரிசோதிப்பது நல்லது.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறந்தவர்களில் பலர் வழமையான வாழ்வு வாழ்கிறார்கள். ஆண்டுதோறும் குருதி அமுக்கமும் சிறுநீரில் புரதமும் பார்க்கப்பட வேண்டும். பிள்ளைக்குத் தேவை அந்தக் கவனிப்பே. தாய்க்குத் தேவையில்லாதது அந்தப் பழி.