உள்ளே போனா மேல ஏறலாமா, பாஸ்?

காலை ஆறரை மணி. கும்மிடிப்பூண்டி லோக்கல் அத்திப்பட்டு ஸ்டேஷனில் வந்து நிற்கிறது. கையில் ஹெல்மெட், காலில் சேஃப்டி ஷூ, தோளில் டிபன் பாக்ஸ் பையோடு ஒரு பட்டாளமே இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு ஓடுகிறது.

‘அத்திப்பட்டா? ‘சிட்டிசன்’ படத்துல காணாமப் போச்சே, அந்த ஊரா?’ என்று கேட்காத ஃப்ரெண்ட் இல்லை. பாஸ், படத்தில் வந்தது அத்திப்பட்டி. அது 2001-ல் வந்த கற்பனை. அதே 2001-ல்தான் இந்த நிஜ அத்திப்பட்டு பக்கத்தில் எண்ணூர் துறைமுகம் திறக்கப்பட்டது (2014 முதல் அது காமராஜர் துறைமுகம்). கூடவே வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம். கொஞ்சம் தெற்கே வந்தால் எண்ணூரில் அசோக் லேலண்ட், 1950-களில் புல்லட் தயாரிக்க ஆரம்பித்த திருவொற்றியூர். அவ்வளவு ஏன், டயருக்குப் பேர்போன எம்.ஆர்.எஃப்.கூட 1946-ல் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் பொம்மை பலூன் செய்து தொடங்கிய கம்பெனிதான்!

இத்தனை புகைபோக்கிகளைப் பார்த்து வளரும் ஒரு டிப்ளமோ தம்பி கேட்பது, ‘வேலை கிடைக்குமாண்ணா?’ என்று மட்டுமில்லை. ‘உள்ளே போனா மேல ஏற முடியுமாண்ணா? இல்ல, பத்து வருஷம் கழிச்சும் ஹெல்பர்தானா?’ என்றும் கேட்கிறான்.

கேம்பஸ் இன்டர்வியூவில் இதற்குப் பதில் கிடைக்காது. ‘ஊழியர்களே எங்கள் சொத்து’ என்று ஒரு ஸ்லைடு போடுவார்கள். அடுத்த ஸ்லைடில் மேனேஜர் மரக்கன்று நடுவார். நாமும் கை தட்டிவிட்டு வருவோம். சமூகப் பொறுப்பு விஷயத்தில் சட்டமே இருக்கிறது. 2013-ம் வருட கம்பெனிகள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் தங்கள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தை இதற்குச் செலவிட வேண்டும். ஆனால், தன் ஊழியர்களுக்காக மட்டும் செய்கிற செலவு இந்தக் கணக்கில் சேராது! ஆக, ஸ்கூலுக்கு பெஞ்ச் வாங்கிக் கொடுத்த போட்டோவை வைத்து, உள்ளே இருக்கும் ஹெல்பர் சூப்பர்வைசர் ஆவாரா என்று சொல்லவே முடியாது. (ஆற்றில் சாம்பலை விட்டுவிட்டு அதே கரையில் மரக்கன்று நடுவதும் ஒரு சமூக சேவைதானாம். எண்ணூர் கழிமுகத்து மீனவர்களிடம் கேட்டால் இன்னும் காரமாகச் சொல்வார்கள்.)

சரி, லாபமும் வந்து, வேலை பார்க்கிறவனும் வளர்ந்த கதை நம்ம ஊரில் இருக்கிறதா? இருக்கிறது. அதற்கு மதுரை வரை போக வேண்டும்.

1976-ல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன ஒரு சர்ஜன் அவர். பணம் கொடுக்க முடிந்தவர் கொடுக்கலாம், முடியாதவருக்கு இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம். கேட்கிறவர்கள், ‘எப்படிக் கட்டுப்படியாகும்?’ என்றுதான் கேட்பார்கள். பதிலில் பெரிய பங்கு அங்கே வேலை பார்க்கும் சிஸ்டர்களிடம் இருக்கிறது.

ப்ளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, இரண்டு வருடம் பயிற்சி தருகிறார்கள். பார்வை சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, ஆபரேஷனுக்கு நோயாளியைத் தயார் செய்வது என வழக்கமான வேலைகளில் பெரும்பகுதி இவர்கள் கையில். டாக்டர், டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்தால் போதும். ஒரு டேபிளில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து டேபிளில் அடுத்தவர் ரெடி! அதனால்தான் அங்கே ஒரு சர்ஜன் வருடத்துக்கு 2,000 ஆபரேஷன்கள்வரை செய்ய முடிகிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் கட்டுப்படியாகவில்லையா? 1992-ல் ‘அரோலேப்’ தொடங்கி அதையும் மதுரையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். அந்த லென்ஸ் உலகம் முழுக்கப் போகிறது.

கவனித்தீர்களா? வந்த லாபத்தில் கொஞ்சம் எடுத்து அந்தப் பெண்களுக்குத் தர்மம் பண்ணவில்லை. அந்தப் பெண்கள் வேலை கற்றுக்கொண்டதால்தான் செலவு குறைந்து கணக்கே நேரானது.

சென்னையில் ஐ.டி. பக்கமும் இதே ரூட்டில் போன கம்பெனி உண்டு. இன்று ‘ஜோஹோ’ என்று தெரியும் நிறுவனம், 2005-ல், அதாவது ‘அட்வென்ட்நெட்’ என்ற பெயரில் இருந்தபோதே, ப்ளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து ஃபீஸ் வாங்காமல், ஸ்டைபெண்ட் கொடுத்து புரோகிராமிங் சொல்லித்தர ஆரம்பித்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு தொடங்கியது, தென்காசி வரை போயிருக்கிறது. டிகிரியே இல்லாமல் ப்ராடக்ட் எழுதுகிறார்கள். நாலு வருஷம் அரியர் கிளியர் பண்ணிக்கொண்டிருக்கும் நமக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்!

ஆனால், ‘கம்பெனியே எல்லாம் பார்த்துக்கும்’ என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. வட சென்னைக்கு இந்தப் பாடம் நூறு வருஷம் பழசு. பெரம்பூரில் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தது, ஸ்கூலும் நடத்தியது. அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆனால், அதே மில் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது! அந்த மாதிரிக் குறைகளைப் பேசத்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், கூடவே திரு.வி.க. வீடு கொடுத்த முதலாளிக்கு, சாப்பிட எவ்வளவு நேரம் வேண்டும் என்று தோன்றவில்லை. சாப்பிடுகிறவன்தான் சொல்ல வேண்டியிருந்தது. (மில் மூடிய பிறகு அந்தப் பாழடைந்த ஷெட்களைத் தமிழ் சினிமா ஃபைட் சீன்களில் ஏகப்பட்ட தடவை பார்த்திருப்பீர்கள்.)

பயிற்சியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கற்றுக்கொண்ட வேலை அந்த கேட்டுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும் என்றால், வளர்ந்தது நீங்களா, கம்பெனியா? வெளியே போனாலும் உங்களோடு வருகிற மாதிரியான வேலையா என்று பாருங்கள்.

இன்டர்வியூ முடிவில் ஹெச்.ஆர். சிரித்துக்கொண்டே, ‘எனி கொஸ்டின்ஸ்?’ என்பார். நாம் பவ்யமாக, ‘நோ சார்’ சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவோம். அடுத்த முறை உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். அப்ரன்டிஸாகப் போகிறவர்களுக்குச் சட்டமே துணை இருக்கிறது. 1961-ம் வருட அப்ரன்டிஸ் சட்டத்தில் 2014-ல் செய்த திருத்தப்படி, பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை, ஆனால் கொள்கை இருக்க வேண்டும்.

அத்திப்பட்டு தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த கேள்விகள் இரண்டுதான். ‘சார், அந்தக் கொள்கை என்ன?’ ‘போன வருஷம் பயிற்சி முடிச்சவங்கள்ல எத்தனை பேர் இப்போ இங்கே பர்மனென்ட்?’

‘கேட்டா வேலை கிடைக்காதுண்ணா’ என்று சிரித்தான். பேப்பரை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.