வீலானுக்கு எதற்கு ஐ.பி. முகவரி?

ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இணைந்த கருவிகளைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் ஏற்பாடுதான் வீலான். புனேயை அடுத்த ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் உள்ளவை போன்ற பெரிய அலுவலகங்களில் கணக்குப் பிரிவு, மென்பொருள் குழு, சிசிடிவி கேமரா, விருந்தினர் வைஃபை என எல்லாம் ஒரே சுவிட்சுகளில் வந்து சேரும். பிரிக்காமல் விட்டால், ஒரு கணினி அனுப்பும் பிராட்காஸ்ட் அத்தனை கருவிகளுக்கும் போகும். விருந்தினரின் மடிக்கணினியும் கணக்குப் பிரிவின் சர்வரும் ஒரே வலைக்குள் இருக்கும்.

ஒவ்வொரு வீலானுக்கும் ஓர் எண் உண்டு. 1998இல் வெளியான 802.1க்யூ தரநிலை இதற்கு 12 பிட் ஒதுக்கியது. 1 முதல் 4094 வரையிலான எண்களைப் பயன்படுத்தலாம். எந்த போர்ட் எந்த வீலானில் சேரும் என்பதை நெட்வொர்க் நிர்வாகி அமைக்கிறார். சுவிட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் டிரங்க் போர்ட்டில் பல வீலான்களின் தரவும் எண் குறித்த டேக்குடன் செல்லும்.

வீலானுக்கு ஒரு சப்நெட், அதாவது ஓர் ஐ.பி. முகவரித் தொகுதி, என்பதே வழக்கம். வீலான் 10க்கு 10.20.10.0, வீலான் 20க்கு 10.20.20.0 என்று வைத்தால், முகவரியின் மூன்றாம் எண்ணைப் பார்த்ததுமே பிரிவு தெரிந்துவிடும். மாஸ்க் 255.255.255.0 என்றால் 256 முகவரிகள். முதலும் கடைசியும் போக 254 கருவிகளுக்குக் கொடுக்கலாம்.

சுவிட்சில் ஐ.பி. முகவரி பெரும்பாலும் போர்ட்டுக்குத் தரப்படுவதில்லை. வீலானின் பெயரில் உருவாக்கும் மெய்நிகர் இடைமுகத்துக்கே தரப்படுகிறது. லேயர் 2 சுவிட்சில் அந்த முகவரி, நிர்வாகி தொலைவிலிருந்து சுவிட்சுக்குள் நுழைய மட்டுமே உதவும். ரவுட்டிங்கும் செய்யக்கூடிய லேயர் 3 சுவிட்சிலோ அதுவே அந்த வீலானிலிருந்து வெளியே செல்லும் வழியான கேட்வே. கணக்குப் பிரிவு வீலான் 10இல் இருந்தால், அதன் கணினி வீலான் 20இல் உள்ள சர்வருக்கு அனுப்பும் பாக்கெட் முதலில் கேட்வே முகவரியான 10.20.10.1க்கு வரும், ரவுட்டிங் இயங்கினால் சுவிட்ச் அதை அடுத்த வீலானுக்குள் அனுப்பிவிடும்.

முகவரி கொடுத்தும் இடைமுகம் உயிர்பெறாமல் கிடப்பதுண்டு. வீலானையே உருவாக்காமல் விட்டிருந்தாலோ, அதில் இயங்கும் போர்ட் ஒன்றுகூட இல்லாவிட்டாலோ அப்படி நேரும். பிராட்காஸ்ட் வீலானைத் தாண்டாது, ஆகவே கணினிகளுக்கு ஐ.பி. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வர் வேறு வீலானில் இருந்தால், கணினிகளின் கோரிக்கையை அதனிடம் சேர்க்க இடைமுகத்தில் ரிலே அமைக்க வேண்டும்.

ரவுட்டிங்கை இயக்கியதும் எல்லா வீலான்களுக்கும் இடையே வழி திறந்துவிடும். விருந்தினர் வைஃபையிலிருந்து கணக்குப் பிரிவுக்கு யாரும் நுழையக் கூடாதென்றால், அதைத் தடுக்கும் அணுகல் விதியையும் சேர்த்தே எழுத வேண்டும்.