சிண்ட்ரெல்லாவுக்கு ஓர் எண்

"அதெல்லாம் வெறும் பாட்டி கதை" என்று எதையாவது தள்ளிவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. பரீட்சைக்கு வராத விஷயத்திற்கு ஏது மரியாதை? ஆனால் அந்தப் பாட்டி கதைகளையே ஆயுள் முழுவதும் ஆராய்ந்த அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய துறைக்கு நாட்டுப்புறவியல் என்று பெயர். நம் தாவரவியல் பாடத்தில் செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கிறோம் அல்லவா? அதுபோல இவர்கள் கதைகளைப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். பின்லாந்து நாட்டு ஆன்டி ஆர்னே 1910-ஆம் ஆண்டு இப்பட்டியலைத் தொடங்கினார். அமெரிக்கரான ஸ்டித் தாம்ஸன் 1928-லும் 1961-லும் அதை விரிவாக்கினார். ஜெர்மானியரான ஹான்ஸ் யோர்க் ஊத்தர் 2004-ல் திருத்தி அமைத்தார். அதில் நம் சிண்ட்ரெல்லாவின் எண் 510 ஏ.

படக்கதைகளில் நாம் காணும் சிண்ட்ரெல்லா, பிரான்ஸ் தேசத்து சார்ல் பெரோ 1697-ல் அச்சிட்டவள். ஞானத்தாயாக வரும் தேவதை, வண்டியாகும் பூசணிக்காய், கண்ணாடிச் செருப்பு எல்லாம் அவர் கதையில் உள்ளவையே. (அது கண்ணாடி அல்ல, அணில் தோல், ஒரே ஓசையுள்ள இரு பிரெஞ்சுச் சொற்களால் வந்த குழப்பம் என்று சிலர் வாதாடினார்கள். பெரோ அச்சிட்டது கண்ணாடி என்றுதான். மாயச் செருப்புக்கு அணில் தோல் எதற்கு?) ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட கதையிலோ பூசணிக்காயும் இல்லை, தேவதையும் இல்லை. தாயின் கல்லறையில் அவள் நட்ட மரமே ஆடை தருகிறது. செருப்புக்குள் கால் நுழைய வேண்டுமென்று அக்காமார் தங்கள் பாதத்தையே வெட்டிக்கொள்கிறார்கள்! இத்தாலியில் பசீலே எழுதி 1634-ல் வெளிவந்த கதையில் ஒரு பேரீச்ச மரம் உதவுகிறது.

இவர்கள் எல்லோருக்கும் மூத்தவள் ஒருத்தி சீனாவில் இருக்கிறாள். அவள் பெயர் யே ஷியென். துவான் செங்ஷி என்ற அறிஞர் சுமார் 850-ஆம் ஆண்டில் அவள் கதையை எழுதி வைத்தார். அதாவது பெரோவுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே! தாய் தந்தையை இழந்த அச்சிறுமியை மாற்றாந்தாய் ஆபத்தான இடங்களில் விறகு பொறுக்கவும், ஆழமான நீர்நிலையில் தண்ணீர் மொள்ளவும் அனுப்புகிறாள். அங்கே சிவந்த துடுப்பும் பொன்னிறக் கண்ணும் உள்ள ஒரு சின்ன மீன் கிடைக்கிறது. தன் சோற்றில் மிச்சம் பிடித்து அதை வளர்க்கிறாள். அவள் வந்தால் மட்டுமே மீன் கரையில் தலை வைக்கும். மாற்றாந்தாய் அவளுடைய உடையை அணிந்து மீனை ஏமாற்றிக் கொன்று சமைத்துத் தின்றுவிடுகிறாள். பிறகு அந்த மீனின் எலும்புகளே சிறுமி கேட்டதையெல்லாம் கொடுக்கின்றன. திருவிழாவுக்குப் போனவள் தங்கச் செருப்பு ஒன்றைத் தவறவிடுகிறாள். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

மரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி, சிண்ட்ரெல்லா கதையும் அதன் நெருங்கிய உறவுக் கதைகளுமாக 345 வடிவங்களைத் தொகுத்து 1893-ல் நூலாக்கினார். மைசூரில் பிறந்த ஏ. கே. ராமானுஜன் கன்னட நாட்டில் கேட்ட கதையில் செருப்பே கிடையாது; பெண் களிமண் முகமூடியால் தன்னை மறைத்துக்கொள்கிறாள்.

இத்தனை நாடுகளில் ஒரே கதை எப்படி வந்தது? பஞ்சதந்திரத்தை 1859-ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட பென்ஃபே என்பவர், ஐரோப்பியக் கதைகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்தே சென்றன என்றார். கேட்கப் பெருமையாக இருந்தாலும் பின்வந்தோர் அதை அப்படியே ஏற்கவில்லை. துன்பம் எங்கும் ஒன்றுதான், ஆகவே அந்தந்த ஊரிலேயே கதை பிறந்தது என்பாரும் உண்டு. மாற்றாந்தாய்க் கொடுமை எல்லா ஊரிலும் தோன்றலாம். ஆனால் செருப்பைத் தவறவிடுவதும், அதை வைத்தே பெண்ணைத் தேடுவதும் பல இடங்களில் தற்செயலாகத் தோன்றும் என்று நான் நம்பவில்லை. வணிகரோடும் மாலுமிகளோடும், வேற்றூருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களோடும் கதையும் பயணம் போயிருக்க வேண்டும்.

எழுதும்போது மாற்றங்களும் நேர்ந்தன. கிரிம் சகோதரர்களின் 1812-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819-ல் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். சித்திமார்கள் பாவம்!

அக்கதைகளை அவர்களுக்குச் சொன்னவர்கள் யார்? பெரும்பாலும் பெண்களே. காசல் நகரில் காய்கறி விற்க வந்த தையற்காரரின் மனைவி டொரோத்தியா ஃபீமான் 1813 முதல் அவர்களுக்குப் பல கதைகள் சொன்னார். எழுதிக்கொள்வதற்காக மெதுவாகத் திருப்பிச் சொல்வாராம். ஒரு சொல் பிசகினால் உடனே நிறுத்தித் திருத்துவாராம். 1815-ல் அவர் காலமானார். 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவருடைய உருவப்படம் அச்சிடப்பட்டது. சீனத்து துவான் செங்ஷியும், தமக்கு அக்கதையைச் சொன்ன வேலைக்காரரின் பெயரை மறவாமல் எழுதியிருக்கிறார்.

எல்லோருக்கும் அந்தக் கௌரவம் கிடைக்கவில்லை. காசல் நகர மருந்துக்கடைக்காரரின் மகளான டார்ட்சென் வில்ட் இளம் வயதில் பல கதைகள் சொன்னவர். பின்னாளில் வில்ஹெல்ம் கிரிம்மையே மணந்தார். புத்தகத்தில் அவர் பெயர் அச்சாகவில்லை. சகோதரர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த பிரதியின் ஓரங்களில், எந்தக் கதையை யார் சொன்னார் என்று கையால் குறித்து வைத்திருந்தார்கள். அங்கேதான் அவர் பெயர் இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி