பிகேஎக்செக் நிரலின் உரிமை உயர்வுக் குறைபாடு: ஒரு விளக்கம்

முன்னுரை

ஒரே கணினியைப் பலர் பகிரும் சூழலில், ஒருவருடைய கோப்புகளை மற்றவர் தொடாதவாறு காப்பது இயங்குதளத்தின் தலையாய பணியாகும். லினக்ஸில் முழு உரிமையும் 'ரூட்' எனப்படும் முதன்மைப் பயனருக்கே உரியது. அக்கணினியில் ஏற்கெனவே கணக்குள்ள சாதாரணப் பயனர், நிரற்பிழை ஒன்றின் வழியாக அவ்வுரிமையை அடைவது 'உள்ளக உரிமை உயர்வு' எனப்படும். 2022 ஜனவரி 25 அன்று குவாலிஸ் நிறுவனம் வெளிப்படுத்திய சிவிஇ-2021-4034 என்னும் குறைபாடு இதற்குத் தக்க சான்றாகும்.

நிரலின் இயல்பு

போல்கிட் தொகுப்பைச் சேர்ந்த பிகேஎக்செக், அனுமதி பெற்ற பயனர் வேறொருவரின் உரிமையுடன் கட்டளையை இயக்க உதவுகிறது. இதன்பொருட்டு, யார் அழைத்தாலும் ரூட் உரிமையுடனேயே தொடங்குமாறு அது அமைக்கப்பட்டுள்ளது. எனவே அனுமதியைச் சோதிக்கும் முன்னரே அது முழு உரிமையுடன் இயங்குகிறது.

பிழை தோன்றும் விதம்

ஒரு நிரல் தொடங்கும்போது உள்ளீட்டுச் சொற்களின் பட்டியலும் சூழல் மாறிகளின் பட்டியலும் நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. முதற்பட்டியலின் முதலிடத்தில் நிரலின் பெயர் இருப்பது மரபேயன்றிக் கட்டாயமன்று. அப்பட்டியல் வெறுமையாக இருக்கவும் லினக்ஸ் இடமளித்தது. பிகேஎக்செக், பெயர் இருப்பதாகவே கொண்டு இரண்டாம் இடத்தைப் படித்தது. பட்டியல் வெறுமையாயின், அவ்விடம் சூழல் மாறிகளின் முதலிடமாகும். அங்குள்ள சொல்லைக் கட்டளையின் பெயராகக் கருதி, அதன் முழுப் பாதையைக் கண்டறிந்து, அதே இடத்தில் எழுதியும்விடுகிறது.

இதன் விளைவு கடுமையானது. உயர் உரிமை நிரல் தொடங்குமுன் தீங்கான சூழல் மாறிகள் நீக்கப்படுகின்றன. நீக்கப்பட்ட மாறி இவ்வழியாக மீண்டும் நுழைகிறது. எழுத்துக் குறியாக்க மாற்றத்திற்கான நிரற்கூறுகளின் இருப்பிடத்தைச் சுட்டும் மாறியை நுழைத்தால், பிழைச்செய்தி அச்சாகும் வேளையில் தாக்குபவரின் நிரல் ரூட் உரிமையுடன் இயங்கும்.

முடிவுரை

2009 மே மாதத்தின் முதற்பதிப்பிலிருந்தே இப்பிழை இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அது திருத்தப்படவில்லை. உள்ளீட்டுப் பட்டியல் வெறுமையாயின் நிரலை நிறுத்தும் சோதனை பின்னர்ச் சேர்க்கப்பட்டது. லினக்ஸ் கர்னலும் 5.18 பதிப்பிலிருந்து வெறுமையான பட்டியலில் ஒரு வெற்றுச் சொல்லை இட்டு நிரப்புகிறது. ஆய்வுத் தரவுகளைப் பொதுச் சேவையகத்தில் வைத்திருக்கும் துறைக்கு இதன் பொருள் தெளிவு: திருத்தம் நிறுவப்படாத நிலையில், களவாடப்பட்ட ஒரே ஒரு மாணவர் கணக்கு அனைவருடைய கோப்புகளையும் திறந்துவிடப் போதுமானது. உயர் உரிமையுடன் இயங்கும் நிரல், மரபாக வருவதையும் சரிபார்த்த பின்னரே ஏற்றல் வேண்டும்.