பல்தசை வாதமும் மருந்தைக் குறைக்கும் கணக்கும்

முதுமையில் தோன்றும் வாத நோய்களுள் ‘பாலிமயால்ஜியா ருமாட்டிக்கா’ என்பதும் ஒன்று. ஐம்பது வயதிற்கு முன்னர் இது வருவது மிக அரிது. எழுபதையொட்டிய வயதினரிடமே பெரிதும் காணப்படும். ஆடவரினும் பெண்டிரையே மிகுதியாகப் பற்றும். இரு தோள்களும், பல வேளைகளில் இடுப்பும் தொடையும், விடியற்காலையில் மரம்போல் இறுகிவிடும். தலைவாரக் கை எழாது. முந்தானையை எடுத்துத் தோளில் போட இயலாது. படுக்கையில் புரண்டு எழுவதே பெரும்பாடாகும். முக்கால் மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும் இவ்விறுக்கம் பகல் ஏற ஏறச் சற்றே தளரும். வட ஐரோப்பியரிடையே மிகுந்தும் ஆசிய மக்களிடையே குறைந்தும் காணப்படுவதால், நம்மவர் இதனை வயதின் தளர்ச்சி என்றோ, நீரிழிவாளர்க்கு வரும் தோள் இறுக்கம் என்றோ எண்ணி விட்டுவிடுவதுண்டு.

பெயரைப் பற்றி ஒரு சொல். கிரேக்கத்தில் ‘பாலி’ என்றால் பல, ‘மிஸ்’ என்றால் தசை, ‘அல்காஸ்’ என்றால் வலி. வில்லியம் புரூஸ் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1888இல் இந்நோயை விவரித்தார். இன்றைய பெயரை 1957இல் பார்பர் என்பார் சூட்டினார். பெயர் தசையைச் சுட்டினாலும் அழற்சி இருப்பது தசையில் அன்று. மூட்டுகளை அடுத்துள்ள சவ்வுகளிலும் நீர்ப்பைகளிலுமே. ஆயினும் வழங்கிவிட்ட பெயரை மாற்றுதல் எளிதன்று. ஈண்டு அதனைப் ‘பல்தசை வாதம்’ என்றே குறிப்போம்.

இதற்குரிய மருந்து பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் 1948இல் பிலிப் ஹெஞ்ச் என்பார் கார்ட்டிசோன் என்னும் பொருளை மூட்டுவாத நோயாளிக்குச் செலுத்திக் கண்ட வியப்பு, 1950இல் அவருக்கும் வேறிருவருக்கும் நோபெல் பரிசைப் பெற்றுத் தந்தது. பிரெட்னிசோலோன் 1955இல் வழக்குக்கு வந்தது. ஸ்டீராய்டு என்றவுடன் விளையாட்டு வீரர்கள் களவாக உட்கொள்ளும் ‘ஊக்க மருந்து’ நினைவுக்கு வந்து பலர் அஞ்சுகின்றனர். அது வேறு இனம். இது அழற்சியைத் தணிக்கும் இனம். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதும் வழக்கம் நம் ஏடுகளில் உண்டு, தவிர்த்தல் நன்று.

பல்தசை வாதத்தில் இம்மருந்தின் வேகம் பெரிது. கை தூக்க மாட்டாதவர் சில நாள்களிலேயே தூக்கிவிடுவார். தொல்லை அதன் பின்னரே தொடங்குகிறது. நலம் வந்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்துவார் சிலர். எலும்பு கரையும், சர்க்கரை ஏறும் எனக் கேள்வியுற்று நிறுத்துவார் சிலர். அவ்வச்சம் பொய்யன்று. எலும்பைக் காக்கக் கால்சியமும் டி உயிர்ச்சத்தும் சேர்த்துத் தருவதும், நீரிழிவாளரைப் பிற்பகலிலும் சர்க்கரை பார்க்கச் சொல்வதும் அதனாலேயே. ஆனால் திடீரென நிறுத்துவது அவற்றினும் கொடிது. சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பி, நாள்தோறும் ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு இணையான கார்ட்டிசோலைத் தானே சுரக்கும். வெளியிலிருந்து பல வாரங்கள் வந்துகொண்டிருந்தால் அது தன் வேலையை மறந்து உறங்கிவிடும். அந்நிலையில் மாத்திரை நின்றால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம்.

ஆகவே படிப்படியாக இறங்குதலே முறை. ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் மருத்துவ அமைப்புகள் 2015இல் கூடி வெளியிட்ட பரிந்துரை இதற்கு அடிப்படை. நாளொன்றுக்கு 12.5 முதல் 25 மில்லிகிராம் வரை தொடங்கி, 4 முதல் 8 வாரங்களில் 10க்கு இறக்கி, பின்னர் நோய் அடங்கியிருக்கும்வரை 4 வாரத்திற்கு 1 மில்லிகிராம் வீதம் குறைத்தல் வேண்டும் என்பது அது. 10க்குப் பின் மட்டுமே பத்துத் திங்கள் ஆகும்! ஏன் இத்தனை மெதுவு என்பதைத் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விழுக்காடு கற்பிக்கும் எனக்கு விளக்குதல் எளிது. 10இலிருந்து 9க்கு இறங்கினால் குறைவது பத்தில் ஒரு பங்கு. 5இலிருந்து 4க்கு ஐந்தில் ஒன்று. 2இலிருந்து 1க்கு முழுதாகப் பாதி. ஒரே மில்லிகிராம்தான், உடலுக்கு அது ஒன்றன்று.

இவ்வாறு இறங்கி வருகையில் பலருக்கு நோய் திரும்பத் தலைதூக்கும். இதனை ‘மீட்சி’ என்று எழுதக் கூடாது. நோயிலிருந்து மீள்வதற்கும் அச்சொல்லே வழங்குவதால் பொருள் தலைகீழாகும். ‘மீளெழுச்சி’ எனலாம். 7இல் நலமாயிருந்தவர் 6க்கு வந்தவுடன் தோள் இறுகுகிறது என்க. அச்சத்தால் முதலில் உண்ட 15க்கே தாவுவோர் உளர். ஒரு திங்களில் 7 வீதம் 210 மில்லிகிராம். 15 வீதம் 450. எஞ்சிய 240 பெரும்பாலும் வீண்சுமை. பரிந்துரை கூறுவது யாதெனில், எழுச்சிக்கு முன் தாங்கிய அளவாகிய 7க்கு ஏறி, 4 முதல் 8 வாரங்களில் மெல்ல 6ஐ அடைய வேண்டும் என்பதே. அடுத்தடுத்துத் தடுக்குமாயின் ஒருநாள் 7, மறுநாள் 6 என மாறி மாறிக் கொடுத்துச் சராசரியை 6.5 ஆக்கும் மருத்துவரும் உளர். எழுச்சி ஓயாதவர்க்கு மெத்தோட்ரெக்சேட் துணை சேர்ப்பதுண்டு; சாரிலுமாப் என்னும் ஊசிமருந்துக்கும் இந்நோய்க்கென 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஏற்றமும் இறக்கமும் மருத்துவரின் சொற்படியே நிகழ வேண்டும். கணக்குத் தெரிவது அவர் சொல்லை விளங்கிக்கொள்வதற்கே.

திரும்பும் வலி எல்லாம் மீளெழுச்சியும் ஆகாது. அளவு குறைந்த சில நாள்களில் உடம்பெங்கும் நோவும் அயர்வும் தோன்றி, ஓரிரு வாரத்தில் தானே தணிந்தால், அது மருந்து பிரிந்த ஏக்கமாக இருக்கலாம். ஒரு தோள் மட்டும் நொந்தால் தேய்மானமோ தசைநாண் கேடோ இருக்கக்கூடும். இரு தோளிலும் விடியற்கால இறுக்கம் முன்போல் வந்து, குருதியில் சி.ஆர்.பி. அளவும் உயர்ந்தால் ஐயம் வலுக்கும். அவ்வளவு தொற்றுநோயிலும் உயருமாதலால் அதனைத் தனியே நம்புவதற்கில்லை. ஆனால் புதிய தலைவலி, மெல்லும்போது தாடைவலி, பார்வை மங்கல் அல்லது ஒன்று இரண்டாகத் தெரிதல் வந்தால் ஆராய்ச்சிக்கு நேரமில்லை. தலைநாடிகளைப் பற்றும் உறவு நோயொன்று இதனோடு சேர்ந்து வரும். கண்ணொளியைப் பறித்தால் பெரும்பாலும் திரும்பாது. உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். சிங்கப்பூரில் 995 அழைத்தாலும் தகும்.

சிங்கப்பூர்த் தமிழர்க்கு மருத்துவ வாய்ப்புக் குறைவில்லை. 1861இல் சிராங்கூன் சாலைக்கு வந்து, 1909இல் மோல்மின் சாலைக்குப் பெயர்ந்த டான் டோக் செங் மருத்துவமனையில் வாதநோய்க்கெனத் தனித்துறையே உண்டு. குறை வேறிடத்தில். மூட்டுவலிக்கெனத் தெருவிலும் இணையத்திலும் விற்கப்படும் ‘மூலிகை’ப் பொருள்கள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் முதலிய ஸ்டீராய்டுகள் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. டெக்சாமெத்தசோன் 0.75 மில்லிகிராம் ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு நிகர். 7இலிருந்து 6க்கு இறங்கப் பாடுபடுபவர் அத்தகைய தூளை வாங்கி உண்டால், தாம் அறியாமலே 11ஐயோ 12ஐயோ உட்கொள்வார். தூள் தீர்ந்த நாளில் வரும் துன்பத்திற்குக் காரணமும் புலப்படாது.

இன்னொன்று நோன்பு. தைப்பூசத்திற்குச் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து காவடி எடுக்கும் இளைஞர்க்காக வீட்டு மூதாட்டியும் விரதம் ஏற்பதுண்டு. காலை உணவோடு சேர்த்து உண்ண வேண்டிய மாத்திரையும் அப்போது நின்றுவிடும். விரதம் தொடங்குமுன்னரே மருத்துவரிடம் சொல்லி வழி கேட்டல் வேண்டும். காய்ச்சல் கண்டால் அளவைக் கூட்ட வேண்டுமா என்பதையும் முன்னதாகவே கேட்டு வைக்கலாம். வாந்தியால் மாத்திரை தங்காதபோது மருத்துவமனைக்கே போக வேண்டும், ஊசி தேவைப்படும்.

ஆங்கிலம் அறியாத முதியோர் மருந்துச் சீட்டை நீட்டுவது பெரும்பாலும் பேரப்பிள்ளையிடமோ தமிழாசிரியரிடமோதான். ‘குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துக’ என்பது அவசரத்தில் ‘நிறுத்துக’ என்று மட்டும் பெயர்க்கப்படுமாயின் நேர்வது யாதென மேலே கண்டோம். இருபது காசு பெறாத ஒரு தாளில் தேதி, அன்றைய மில்லிகிராம், காலை இறுக்கம் நீடித்த நிமிடம் என மூன்று பத்தி வரைந்து தமிழிலேயே எழுதிக் கொடுத்தால், பாட்டியே நாள்தோறும் நிரப்புவார். எண்கள் எம்மொழியினர்க்கும் பொதுவாதலால், பலதுறை மருந்தகத்தில் சீன மருத்துவரும் அதைப் பார்த்து, வலி எந்த அளவில் திரும்பிற்று என்பதை ஒரு நொடியில் அறிந்துகொள்வார்.